ஏற்றத்துக்கு எத்தனை பல்?

பொதட்டூர்பேட்டையில் குடும்பத்தோடு வாடகைக் கார் எடுத்தால் அது பெரும்பாலும் மலைக்குத்தான் போகும். பக்கத்தில் திருத்தணி, எல்லை தாண்டி நகரி, புத்தூர் வழியாகப் போனால் திருப்பதி. திருத்தணி 365 படியில் முடிந்துவிடுகிற குன்று, வண்டிச் சாலையும் உண்டு. திருமலை வேறு கணக்கு. அடிவாரத்திலிருந்து ஏறக்குறைய 700 மீட்டர் உயரம். 1944இல் திறந்த முதல் மலைப்பாதை இப்போது இறங்குவதற்கு, 1974இல் வந்த இரண்டாவது பாதை ஏறுவதற்கு. அம்பாசடர் ஓடிய காலத்தில் முன்னால் மூன்று பேர், பின்னால் நான்கு பேர், மடியில் குழந்தைகள், கேரியரில் மூட்டை என்று அந்த ஏற்றத்தைச் செகண்ட் கியரில் முனகிக்கொண்டே ஏறிவிடும். வழியில் ரேடியேட்டர் கொதித்து நின்ற கதைகள் உண்டு. இழுக்க முடியாமல் பின்னால் உருண்ட கதை அபூர்வம்.

அந்த இன்ஜின் 1489 சிசி. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரிஸ். குதிரைத்திறன் ஐம்பதைச் சுற்றி. அதே 1489 சிசி இன்ஜினை 1955இல் இங்கிலாந்தில் எம்ஜிஏ என்ற இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் காரிலும் வைத்தார்கள். கார்புரேட்டரும் கம்ப்ரஷனும் வேறு. பிளாக் ஒரே குடும்பம். ஒன்று சீறிப் பாய்ந்தது, இன்னொன்று சம்சாரம் சுமந்தது. இன்ஜினின் திறனைச் சக்கரத்துக்கு எந்த விகிதத்தில் பங்கு போடுகிறோம் என்பதில்தான் பாதிக் கதை இருக்கிறது.

பங்கு போடும் இடம் இரண்டு. ஒன்று கியர் பாக்ஸ். அதை எல்லோருக்கும் தெரியும், கை அதன் மேலேயே இருக்கிறது. இரண்டாவது, பின்சக்கரங்களுக்கு நடுவே பூசணிக்காய் போல் தொங்குகிறதே, மெக்கானிக்குகள் ஹவுசிங் என்பார்கள், அதற்குள். நீளவாக்கில் சுற்றி வரும் ஷாஃப்டின் நுனியில் ஒரு சின்னப் பல்சக்கரம், அது டெயில் பினியன். அது கடித்துச் சுற்றுவது கிரவுன் வீல் என்ற பெரிய வட்டத்தை. பினியனில் 8 பல், கிரவுனில் 39 பல் என்றால் 39ஐ எட்டால் வகுக்க 4.875. ஷாஃப்ட் 4.875 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. வேகம் அந்த மடங்கு குறையும், முறுக்கு அந்த மடங்கு கூடும். கியர் பாக்ஸில் என்ன கியர் போட்டாலும் இந்தப் பெருக்கல் கடைசியில் வந்து சேரும். டிரைவரால் மாற்ற முடியாத கியர் இது.

விசைத்தறி ஓட்டுகிற ஊரில் இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. துணி சுருளும் பக்கத்தில் ஒரு பல்சக்கரத்தைக் கழற்றி வேறு பல் எண்ணிக்கை உள்ளதைப் போட்டால் அங்குலத்துக்கு விழும் ஊடை மாறிவிடும். மோட்டார் அதேதான், ஓட்டமும் அதேதான், துணி மட்டும் வேறு. ஹவுசிங்கில் நடப்பதும் அந்த வேலைதான்.

பழைய கார்களின் இந்த எண்களைப் பார்த்தால் ஒரு வினோதம் தெரியும். டிரையம்ஃப் ஹெரால்டின் முதல் 948 சிசி வண்டிக்கு 4.875, இன்ஜின் 1147 சிசி ஆனதும் 4.11, அதாவது 37க்கு 9. எம்ஜிஏவில் 43க்கு 10, அதன் பின் வந்த எம்ஜிபியில் 43க்கு 11. நம் லாரிகளில் பழகிய 41க்கு 6, 41க்கு 7. நாலு, நாலரை, ஐந்து என்று முழுசாக ஏன் வைக்கவில்லை? பினியனில் 10, கிரவுனில் 40 என்று வைத்தால் பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுனின் அதே நாலு பற்களைத்தான் வாழ்நாள் முழுக்கச் சந்திக்கும். ஒரு பல்லில் சின்ன வடு இருந்தால் அந்த நாலும் சேர்ந்து கெடும். பொது வகுஎண் இல்லாத ஜோடியாக வைத்தால் ஒவ்வொரு பல்லும் எதிர்ப்பக்கத்தின் எல்லாப் பற்களோடும் முறை வைத்துப் பழகும். தேய்மானம் பரவும், சத்தம் அடங்கும். பள்ளிக்கூடத்தில் மீ.பொ.வ. எதற்கென்று கேட்ட பிள்ளைகளுக்கு ஒரு பதில் இங்கே கிடக்கிறது.

இனி மலைக் கணக்கு. ஆள், மூட்டை எல்லாம் சேர்த்து வண்டி 1550 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பத்து மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரும் ஏற்றத்தில் அது பின்னால் இழுக்கும் விசை 155 கிலோ. டயர் உருள்வதற்கு இன்னொரு 20. ஆக 175 கிலோ இழுவை சக்கரத்தில் வேண்டும். இன்ஜின் தரும் முறுக்கு தோராயமாக 10 கிலோகிராம் மீட்டர், 5.90-15 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர், தேர்ட் கியர் 1.4, வழியில் உராய்வில் போவது நூற்றுக்குப் பதினைந்து. ஹவுசிங்கில் 4.875 இருந்தால் சக்கரத்தில் 182 கிலோ இழுவை வரும். மயிரிழையில் தேர்ட்டிலேயே ஏறிவிடும். அதையே எம்ஜிபியின் 3.909ஆக மாற்றினால் 146 கிலோதான். செகண்டுக்கு இறங்கியே ஆக வேண்டும்.

இறங்கினால் என்ன என்று கேட்கலாம். இறங்கலாம். ஆனால் கொண்டை ஊசி வளைவில் முன்னால் பஸ் நின்று, செகண்டும் திணறி, ஃபர்ஸ்ட் போட வேண்டி வந்தால்? அந்தக் காலத்து பி-சீரிஸ் கியர் பாக்ஸ்களில் ஃபர்ஸ்ட் கியருக்கு, சுற்றை ஒத்துப்போக வைத்துப் பல்லைச் சேர்க்கும் சின்க்ரோ கிடையாது. ஓட்டத்தில் போட்டால் பல் கத்தும். இரட்டை கிளட்ச் மிதித்துப் பழகியவர் தவிர மற்றவர்கள் வண்டியை நிறுத்தித்தான் போட முடியும். ஏற்றத்தில் நிறுத்தினால் மறுபடி கிளப்புவது இன்னொரு வித்தை. ஹவுசிங்கில் பெரிய எண்ணை வைத்ததால், செகண்ட் எல்லா இடத்திலும் தாங்கியது. இறக்கத்தில் அதே எண் இன்ஜினையே பிரேக் ஆக்கிக் கொடுத்தது, டிரம் பிரேக் காய்ந்து போகாமல். அம்பாசடரை மாட்டு வண்டி என்று கேலி செய்தவர்கள் அதைத் தேசிய நெடுஞ்சாலையில் வைத்துத்தான் கேலி செய்தார்கள்.

நெடுஞ்சாலையில் அந்தக் கேலி நியாயமானதுதான். 4.875இல் டாப் கியரில் இன்ஜின் ஆயிரம் சுற்றுக்கு வண்டி மணிக்கு 24.6 கிலோமீட்டர். சென்னை சாலையில் 80இல் போனால் 3250 சுற்று. பேச்சுக் குரல் கேட்காது, பெட்ரோல் முள் இறங்குவது கண்ணுக்குத் தெரியும். 3.909 போட்டால் அதே 80க்கு 2600 சுற்று போதும். வண்டியைச் சமவெளிக்காக வாங்குகிறோமா மலைக்காகவா என்பதை ஒரு காலத்தில் தொழிற்சாலை நமக்காக முடிவு செய்து அனுப்பியது.

பழைய கார்களைப் புதுப்பிக்கும் இன்றைய பித்தர்கள் அந்த முடிவைத் தங்கள் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். எடுக்கட்டும். ஆனால் முதலில் உள்ளே இருப்பது என்ன என்று தெரிய வேண்டும். ஐம்பது வருஷத்தில் நாலு கை மாறிய வண்டியில் எந்த ஹவுசிங் எப்போது ஏறியது என்று மேனுவல் புத்தகம் சொல்லாது. திறக்காமலே எண்ண வழி உண்டு. முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஸ்டாண்டில் தூக்கி, நியூட்ரல் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவிக்க வேண்டும். ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு, டயரில் ஒரு கோடு. ஒரு பக்கச் சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு மறுபக்கச் சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றினால் கிரவுன் ஒரு சுற்று சுற்றியிருக்கும். ஹவுசிங்குக்குள் இரண்டு சக்கரத்துக்கும் சுற்றைப் பங்கிடும் டிஃபரன்ஷியலின் குணம் அது. அதற்குள் ஷாஃப்ட் ஐந்தை நெருங்கி நின்றால் 4.875, நாலரையைச் சற்றுத் தாண்டினால் 41க்கு 9, நாலுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றால் 3.909. சந்தேகம் இருந்தால் இருபது சுற்று சுற்றிப் பத்தால் வகுக்க வேண்டியதுதான்.

அடுத்து கியர் பாக்ஸ். அதற்கு முன் இன்ஜின் கதை ஒன்று. அம்பாசடரைச் செய்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984இல் கான்டெஸாவைக் கொண்டுவந்தது. வாக்ஸால் விக்டரின் உடம்பு, இங்கிலாந்தில் 1.8, 2.3 லிட்டர் இன்ஜின்கள் இழுத்த உடம்பு அது. இங்கே அதற்குள் வைத்தது அம்பாசடரின் அதே 1489 சிசி. அழகான கார், நகர மறுத்தது. அடுத்த ஆண்டு வண்டலூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் இதையே இன்னும் பெரிதாகச் செய்தது. ரோவர் எஸ்டி1இன் உடம்புக்குள் பழைய வான்கார்டின் 1991 சிசி இன்ஜின். ஃபெர்குசன் டிராக்டருக்கும் உறவுக்காரன். ஸ்டாண்டர்டு 2000 என்று பெயர். 1988க்குள் கடை மூடியாயிற்று. இந்த இரண்டு வண்டிக்கும் ஹவுசிங்கில் எந்த எண்ணைப் போட்டிருந்தாலும் பிழைத்திருக்காது என்பது என் எண்ணம். பல்சக்கரம் வேகத்தைக் கொடுத்து முறுக்கை வாங்கும், முறுக்கைக் கொடுத்து வேகத்தை வாங்கும்; குதிரைத்திறனைத் தன் பங்குக்குக் கொண்டுவராது.

கான்டெஸா பிழைத்தது இசுசு கம்பெனியால். 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜினோடு ஐந்து கியர் பாக்ஸும் வந்தது. 1990களின் தொடக்கத்தில் அம்பாசடருக்கும் அதே ஜோடி கிடைத்தது. ஐந்தாவது கியரின் எண் 1க்குக் கீழே. அதாவது இன்ஜினைவிட ஷாஃப்ட் வேகமாகச் சுற்றும். மலைக்குச் செகண்ட், நெடுஞ்சாலைக்கு ஐந்து என்று இரண்டு ஊருக்கும் ஒரே வண்டி. பழைய ஹவுசிங்கின் 4.875ஐ விட்டுவைத்து 0.85 என்ற ஐந்தாவது கியரைச் சேர்த்தால் பெருக்கல் 4.14. 80க்கு 2760 சுற்று. ஹவுசிங்கை மாற்றாமலே கிடைத்த நிம்மதி.

தப்பு நடப்பது இங்கேதான். ஐந்து கியர் பாக்ஸ் ஏற்றிய உற்சாகத்தில் ஹவுசிங்கையும் 3.909ஆக மாற்றிவிடுவார்கள். ஐந்தாவதில் பெருக்கல் 3.32. கணக்கில் 80க்கு 2200 சுற்றுதான். ஆனால் 50 குதிரை இன்ஜினுக்கு அந்தச் சுற்றில் எதிர்காற்றைத் தள்ளத் தெம்பிருக்காது. கொஞ்சம் மேடு வந்தாலும் நாலுக்கு இறங்க வேண்டும். மலையில் செகண்டும் சொதப்பும். பெரிய இன்ஜின் ஏற்றியவருக்கு 3.909 பொருந்தும். டீசல் ஏற்றியவருக்கும் பொருந்தலாம். 4000 சுற்றைத் தாண்டப் பிடிக்காத பழைய டீசலை 4.875இல் பூட்டினால் நூறைத் தொடுவதற்குள் மூச்சு முடிந்துவிடும். பழைய 1489 பெட்ரோலையே வைத்திருக்கிறவர் ஹவுசிங்கைத் தொடாமல் இருப்பது உத்தமம். இன்ஜின் எந்தச் சுற்றில் நன்றாக இழுக்கிறது, டயர் என்ன அளவு, எந்தச் சாலையில் ஓடப்போகிறது, இவற்றை எழுதி வைத்துவிட்டுக் கடைக்குப் போனால் பாதிப் பணம் மிச்சம்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் கிரவுனையும் பினியனையும் ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். தொழிற்சாலையில் இரண்டையும் சேர்த்து ஓட்டித் தேய்த்துப் பழக்கி, ஒரே எண்ணைப் பொறித்து அனுப்புகிறார்கள். ஒன்று ஒரு கடையில், இன்னொன்று வேறு கடையில் என்று வாங்கினால் முதல் நாளிலிருந்தே ஊளையிடும். பூட்டுகிற கையும் முக்கியம். கை தேர்ந்த மெக்கானிக் கிரவுனின் நாலைந்து பற்களில் பெயின்ட் பூசி, பினியனைக் கையால் முன்னும் பின்னும் சுற்றி, தடம் எங்கே விழுகிறது என்று டார்ச் அடித்துப் பார்ப்பார். பல்லின் நடுவில் நீள்வட்டமாகத் தடம் விழ வேண்டும். நுனிக்கு ஏறினால் பினியன் எட்டி நிற்கிறது, அடிக்கு இறங்கினால் நெருங்கி நிற்கிறது. மெல்லிய ஷிம் தகடு கூட்டியோ குறைத்தோ மறுபடி பெயின்ட். இரண்டு பற்களுக்கும் இடையே விடும் இடைவெளி மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு அளவுக்குத்தான். ஒரு மத்தியானம் முழுக்க இதிலேயே போகும். அவசரப்படுத்தாதீர்கள்.

உள்ளே ஊற்றும் ஆயிலும் ஏதோ ஒன்றாக இருக்க முடியாது. பினியன் கிரவுனின் மையத்துக்கு நேரே நிற்காமல் சற்றுத் தாழ்ந்து நிற்கும் ஹைப்பாய்டு அமைப்பு இது. பற்கள் உருள்வதோடு வழுக்கவும் செய்யும். அதற்கான ஹைப்பாய்டு ஆயில்தான் வேண்டும். அதையே கியர் பாக்ஸிலும் ஊற்றினால் சில வகைகள் சின்க்ரோவின் பித்தளையை அரிக்கும்.

எல்லாம் முடிந்து வண்டி ஓடத் தொடங்கியதும் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்ல ஆரம்பிக்கும். அதன் கேபிள் கியர் பாக்ஸின் பின்னாலிருந்து வருகிறது. ஹவுசிங் மாறியது அதற்குத் தெரியாது. 4.875க்கு அளந்து வைத்த மீட்டர், 3.909 போட்ட வண்டி 80இல் போகும்போது 64 காட்டும். அபராதச் சீட்டு வரும்போதுதான் புரியும். கிலோமீட்டர் கணக்கும் அதே கதை. நூறு கிலோமீட்டர் ஓடினால் எண்பதுதான் ஏறும். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடுகிற ஆள், பெட்ரோல் மிச்சம் என்று மகிழ்ந்துகொண்டே ஐந்தில் ஒரு பங்கு வாடகையை விட்டுக்கொடுத்துக்கொண்டிருப்பார். ஸ்பீடோ கேபிளை ஓட்டும் சின்னப் பல்சக்கரத்தையும் மாற்றினால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். அது கிடைக்கவில்லையென்றால் ஸ்பீடோமீட்டர் ரிப்பேர்க்காரரிடம் கொடுத்து புது விகிதத்துக்கு அளந்து வாங்க வேண்டும், வண்டி வாடகைக்குக் கிளம்பும் முன்பே.