வைக்கோலைப் புரதமாக்கும் நுண்ணுயிர்கள்



ஆலங்காயம் பக்கத்திலே, ஜவ்வாது மலையடிவாரத்தில், பங்குனி பிறந்துவிட்டால் பச்சைப்புல்லைப் பார்ப்பது அரிது. வைக்கோலும் கேழ்வரகுத் தாளும்தான் மாட்டுக்குக் கதி. பால் குறையும், விலா எலும்பு தெரியும். பிண்ணாக்கு போடுங்கள் என்றால், "பால் காசு அத்தனையும் அதுக்கே போயிடுமே சார்" என்பீர்கள். நியாயம்தான்.

நெல் வைக்கோலில் 100-க்கு 3, 4 பங்குதான் புரதம். ஆனால், மாட்டின் பெருவயிற்றிலே உள்ள நீரில், ஒரு சொட்டிலேயே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. மாடு தின்பதை முதலில் தின்பவை அவைதான். தழைச்சத்து கிடைத்தால் அதைக்கொண்டு தம் உடம்பைப் புரதமாக வளர்த்துப் பெருகும். பிறகு அடுத்த அறைகளுக்குப் போய் மாட்டுக்கே உணவாகும். பின்லாந்து விஞ்ஞானி விர்த்தனென், 1960-களில், புரதமில்லாத தீவனத்தோடு யூரியாவும் அம்மோனிய உப்பும் கொடுத்தே மாடுகளைப் பால் கறக்க வைத்தார்.

அதற்காக யூரியாவைக் கழுநீர்த் தொட்டியில் கொட்டிவிடாதீர்கள்! ஒரு ஊரில் அப்படிச் செய்துவிட்டார்கள். வயிறு உப்பி, உடம்பு நடுங்கி, நான் போய்ச் சேருவதற்குள் நல்ல கறவை மாடு செத்துக் கிடந்தது. யூரியா வைக்கோலில்தான் ஊற வேண்டும்.

100 கிலோ காய்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 60 லிட்டர் தண்ணீர். யூரியாவைக் கூட்டவே கூடாது. கட்டியில்லாமல் முழுக்கக் கரையுங்கள். வைக்கோலை அடுக்கடுக்காகப் பரப்பி, ஒவ்வொரு அடுக்கிலும் பூவாளியால் சீராகத் தெளித்து, காலால் நன்றாக மிதியுங்கள். பாலிதீன் தாளால் காற்றுப் புகாமல் மூடி, 21 நாள் விடுங்கள். உள்ளே நுண்ணுயிர்கள் யூரியாவை அம்மோனியாவாக உடைக்கும். அது தாளை இளக்கித் தழைச்சத்தை ஏற்றும். புரதக் கணக்கு 7, 8 பங்காக உயரும்.

பிரித்ததும் மூக்கைத் துளைக்கும் நெடி வரும். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, ஒரு மணி நேரம் ஆறப்போட்டுக் கொடுங்கள். பூஞ்சணம் பிடித்த பகுதியை ஒதுக்கிவிடுங்கள். மாடு முதலில் முகத்தைத் திருப்பும். சாதா வைக்கோலோடு கலந்து ஒரு வாரம் பழக்குங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு வேண்டாம். அதன் பெருவயிறு இன்னும் முதிரவில்லை. கொஞ்சம் தவிடும், கிடைத்தால் அகத்தித் தழையும் சேருங்கள். நுண்ணுயிர்களுக்கும் தெம்பு வேண்டுமே!

முதல் முறை 100 கிலோ மட்டும் போட்டு, கறவையை அளந்து பாருங்கள்.