கற்றையின் வழியில் ஒரு திரவம்

மெல்வட்டு லேசர் பிறந்ததே வெப்பத்தை வெளியேற்றுவதற்காகத்தான். தண்டு வடிவப் படிகம் ஓரத்தில் மட்டுமே குளிரும். ஆறிவிட்டதாகத் தோன்றும் கொழுக்கட்டையின் பூரணம் நாக்கைச் சுடுவதுபோல, நடுவில் வெப்பம் தங்கிவிடும். அந்த ஏற்றத்தாழ்வு படிகத்தையே வில்லையாக்கிக் கற்றையைக் கெடுக்கும். 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தில் அடோல்ஃப் கீசன் குழுவினர், தண்டுக்குப் பதிலாக 100 முதல் 200 மைக்ரான் தடிமனே கொண்ட, இட்டெர்பியம் கலந்த யாக் படிக வட்டை வைத்தார்கள். அது 940 நானோமீட்டர் ஒளியை வாங்கி 1030 நானோமீட்டரில் தருகிறது. அந்த இடைவெளியிலேயே ஏறத்தாழ 9 விழுக்காடு ஆற்றல் வெப்பமாகிவிடும். எதிரொளிப்புப் பூச்சுள்ள பின்முகம் நீரால் குளிர்விக்கப்படுகிறது. வெப்பம் கற்றையின் திசையிலேயே பின்னோக்கி வடிவதால் வில்லை விளைவு மிகக் குறைவு.

இங்கே நீர் கற்றையைத் தொடுவதில்லை. ஆனால் திறனைக் கூட்டப் பல வட்டுகளை அடுக்கி, இருமுகங்களையும் திரவத்தில் நனைத்தால் நிலைமை மாறுகிறது. யாக்கின் ஒளிவிலகல் எண் 1.82, நீருடையது 1.33. ஒவ்வோர் எல்லையிலும் சுமார் 2.4 விழுக்காடு ஒளி திரும்பும். பூச்சில்லாத 20 வட்டுகளுக்கு 40 எல்லைகள். எங்கும் திரும்பாமல் நேரே கடந்து வருவது ஐந்தில் இரண்டு பங்குகூட இராது.

ஒளிவிலகல் எண்களைப் பொருத்துவது இதற்கான தீர்வு. கிளிசரினில் அமிழ்த்திய பைரெக்ஸ் கண்ணாடித் தண்டு கண்ணுக்குத் தெரியாமல் போவதும் இதனால்தான். 1.82க்கு ஈடான, வசதியான திரவம் கிடைப்பதரிது; ஆனால் எண் 1.45 முதல் 1.47 வரையுள்ள ஒய்.எல்.எஃப். என்னும் ஃபுளோரைடு படிகத்துக்குக் கிடைக்கும். கார்பன் டெட்ராகுளோரைடின் எண் 1.46. ஆனால் அது கல்லீரலைக் கெடுக்கும், ஓசோனையும் அரிக்கும்.

பொருத்திய பிறகுதான் உண்மையான சோதனை. ஒரு டிகிரி சூட்டுக்கு யாக்கின் எண் லட்சத்தில் ஒரு பங்குகூட ஏறாது. நீரின் எண்ணோ பத்தாயிரத்தில் ஒன்று இறங்கும், கரிமத் திரவங்களில் அதைவிடப் பல மடங்கு. வட்டை ஒட்டி ஓடும் சூடான மெல்லிய படலம் கற்றையை வளைக்கிறது. ஓட்டத்தை விரைவுபடுத்தினால் சுழல் எழுந்து கற்றையைக் கலைக்கும். போதாததற்குச் சாதாரண நீர் இந்த அகச்சிவப்பு ஒளியை ஒரு சென்டிமீட்டரிலேயே பத்தில் ஒரு பங்குக்கும் மேலாக விழுங்குகிறது. அதனால் அதை மிகக் குறைவாக விழுங்கும் கனநீரை நாடுகிறார்கள். குளிரூட்டலைக் குழாய், பம்பு வேலையாக ஒதுக்கும் போக்கு இங்கே பெரும் பிழை.

அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு முகமையான தார்ப்பாவுக்காக ஜெனரல் அடாமிக்ஸ் உருவாக்கிய ஹெல்லாட்ஸ் ஆயுத லேசர், திரவத்தைக் கற்றையின் வழியிலேயே ஓடவிடும் இம்முறையில் 150 கிலோவாட்டை இலக்காகக் கொண்டது. கார் உடலைப் பற்றவைக்கும் லேசருக்கு இத்தனை சிக்கல் தேவையில்லை; நீரை வட்டின் பின்னால் நிறுத்திய கீசனின் ஏற்பாடே அங்கே சரி.