புதன்கிழமை ஊசியும் பத்துக் கேள்விகளும்

பெருந்துறைச் சுற்றுவட்டாரக் கிராமங்களில் புதன்கிழமை என்றால் குழந்தைகளுக்கு ஊசி போடும் நாள். 6, 10, 14 வாரக் கணக்குப்படி கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய்மார் துணை சுகாதார நிலையத்துக்கு வருகிறார்கள். ஊசி போட்டதும் காய்ச்சலுக்கு மருந்து சொல்லி அனுப்புகிறார்கள். தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடப்பதாக 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. பிள்ளை பெற்ற பெண் அநேகமாக யாரும் அரசின் கண்ணுக்குத் தப்புவதில்லை என்று அதற்குப் பொருள். ஆகவே, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டுபிடிக்கப் புதிதாக எந்தக் கட்டடமும் வேண்டாம். ஊசி வரிசையில் காத்திருக்கும் தாயிடம் பத்துக் கேள்வி கேட்டாலே போதும் என்பது என் வாதம்.

அந்தப் பத்துக் கேள்விகள் 1987 முதலே இருக்கின்றன. எடின்பரோ அளவுகோல் என்று பெயர். கடந்த ஏழு நாட்களில் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் பயம் வந்ததா, தூக்கம் கெட்டதா, தனக்கே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்று கேட்கும். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதன் தமிழ் வடிவத்தை வேலூர் ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்து 2005இல் வெளியிட்டார்கள். பிரசவமான முதல் வாரத்தில் வரும் அழுகை பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தானாக அடங்கிவிடும். அடங்காமல் நீடிப்பதுதான் நோய். இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளை, 20,043 தாய்மாரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து 2017இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்த கட்டுரை, 22 சதவீதம் பேருக்கு இது இருப்பதாகக் கணித்தது.

“கட்டுச்சோறு விருந்து வைத்துப் பொறந்த வீட்டுக்கு அனுப்பி, பத்தியச் சோறு போட்டுப் பார்த்துக்கொள்கிற ஊர் இது, இங்கே எதற்கு இதெல்லாம்?” என்று கேட்பார்கள். அந்தக் கவனிப்பின் அருமையை நான் மறுக்கவில்லை. ஆனால், வேலூர் அருகே கணியம்பாடி வட்டாரக் கர்ப்பிணிகள் 359 பேரைப் பதிவுசெய்து தொடர்ந்த ஆய்வு (2002) வேறு கதை சொல்கிறது. பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 11 சதவீதம். வருமானக் குறைவு, ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், கைவேலைக்கு ஆளில்லாமை ஆகியவை அதற்கு வழிவிட்டவை. வீடுதான் மருந்து என்கிறோம். சில பெண்களுக்கு நோய் தொடங்கும் இடமும் அதுவே. மேலும், பெருந்துறை சிப்காட் தொழிற்பேட்டையை நம்பி ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து குடியிருக்கும் பெண்ணுக்குப் பொறந்த வீடு இரண்டு நாள் ரயில் தூரம். அவளிடம் தமிழ்த் தாளை நீட்டிப் பயனில்லை, அவள் மொழியில் கேட்க வேண்டும்.

கிராம சுகாதார செவிலியருக்கு ஏற்கெனவே பதிவேடு எழுதவே நேரம் போதவில்லை என்பது இன்னொரு மறுப்பு. இது நியாயமானது, அவர் தலையில் இன்னொரு பதிவேட்டை ஏற்றிவிட்டு ஒதுங்குவது சரியல்ல, கூடுதல் ஆள் வேண்டும். அந்த ஆள் மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. பாகிஸ்தானின் ராவல்பிண்டி கிராமங்களில் பள்ளிப்படிப்பு முடித்த சுகாதாரப் பணிப்பெண்களுக்குப் பயிற்சி தந்து, மனச்சோர்வுள்ள தாய்மாரை வீட்டிலேயே சந்தித்துப் பேசவைத்தார்கள். குழந்தைக்கு ஆறு மாதமானபோது அந்தத் தாய்மாரில் 23 சதவீதம் பேருக்கே நோய் நீடித்தது. அந்தப் பயிற்சி பெறாதவர்கள் போய்ப் பார்த்த தாய்மாரில் 53 சதவீதம். 2008இல் வெளியான முடிவு இது. பேச்சு போதாத பெண்களை அனுப்பிவைக்கப் பெருந்துறையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மாத்திரை எடுத்தால் பால் கொடுக்கக் கூடாது என்ற பயமும் முழுக்கச் சரியல்ல: செர்ட்ரலின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கின்றன. மருத்துவமனையில் சேர்த்தால் பிள்ளையைப் பிரித்துவிடுவார்களோ என்ற அச்சத்துக்கு, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்று 2017 மனநலச் சட்டமே பதில் சொல்லிவிட்டது.

கேள்வி கேட்க யாரும் வரும்வரை காத்திருக்க முடியாத பெண்கள், அல்லது அவர்கள் வீட்டார், 14416 என்ற எண்ணை அழைக்கலாம். இரவு பகலாக இயங்கும் இலவச மனநல உதவிச் சேவை அது; தமிழிலேயே பேசலாம்.