டொமைனின் பதிவாளரை மாற்றினால் இணையதளம் நின்றுவிடுமா?

மாற்றத்தால் மட்டும் நிற்காது. டாட் காம் பெயர்கள் அனைத்தும் அமெரிக்காவின் வெரிசைன் நிறுவனம் பராமரிக்கும் ஒரே பதிவேட்டில் இருக்கின்றன. நாம் ஆண்டுதோறும் பணம் கட்டும் பதிவாளர் இடையில் இருக்கும் முகவர்தான். மாற்றத்தின்போது பதிவேட்டில் முகவர் பெயர் மாறுகிறது; தளத்தின் விலாசத்தை எந்த நேம் சர்வரிடம் கேட்க வேண்டும் என்ற குறிப்பு அப்படியே இருக்கும்.

பிறகு ஏன் சிலருக்குத் தளமும் மின்னஞ்சலும் முடங்குகின்றன? அந்த நேம் சர்வரே பழைய பதிவாளருடையது என்பதால். வாடிக்கையாளர் விலகியதும் பழைய பதிவாளர் அந்தச் சேவையை நிறுத்திவிடலாம். எனவே அதில் உள்ள டிஎன்எஸ் பதிவுகளை, குறிப்பாக மின்னஞ்சலுக்கான எம்எக்ஸ் வரிகளை, ஒன்றுவிடாமல் முதலிலேயே புது இடத்தில் ஏற்றி, நேம் சர்வர் குறிப்பையும் அதற்கு மாற்றிவிட வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான்.

மற்றவை எளிது. பழைய கணக்கில் மாற்றத்தைத் தடுக்கும் பூட்டைத் திறந்து, ரகசியக் குறியீட்டை வாங்கிப் புதியவரிடம் கொடுக்க வேண்டும். குறியீடு பொருந்தினால், பழையவர் 5 நாட்களுக்குள் மறுக்காதவரை மாற்றம் தானாக நிறைவேறும். மீதமிருக்கும் காலம் வீணாகாது. அதோடு ஓராண்டு கூடும். மொத்தம் 10 ஆண்டுகளைத் தாண்ட முடியாது. புதிதாகப் பதிந்த பெயரை முதல் 60 நாட்களுக்குப் பொதுவாக மாற்ற விடமாட்டார்கள்.

காலாவதிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே தொடங்குங்கள். அந்தக் குறியீட்டை வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள். அது கைமாறினால் பெயரே கைமாறிவிடக்கூடும்.