அரசன் அழைத்தான்; பாடகர் மறுத்தார்!

பண்ருட்டிப் பலாச்சுளையின் ருசி அறியாத வீடு நம் பக்கத்தில் உண்டா? சென்னையிலிருந்து கும்பகோணம் போகும் சாலையில் பண்ருட்டி வந்துவிட்டால், தூங்கிக்கொண்டிருப்பவர்களின் மூக்கும் விழித்துக்கொள்ளும். ஒரு பழத்தைப் பேரம் பேசி வாங்கி, பஸ்ஸில் ஸீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, நெய்வேலிக்கோ வடலூருக்கோ பிரயாணத்தைத் தொடர்ந்துவிடுகிறோம். அடுத்த முறை அந்த வழியாகப் போகும்போது, தயவு செய்து ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஊரை ஒட்டியே, கெடில நதியின் அருகே, திருவதிகை இருக்கிறது. நம் நாட்டின் முதல் கலகக்காரப் பாடகர் பாடத் தொடங்கிய ஊர் அது.

கலகக்காரப் பாடகர் என்றதும் உங்களுக்கு யார் நினைவுக்கு வருகிறார்கள்? பாரதியார் வருவார். சங்கீதத்தில் நாட்டமுள்ள உங்கள் பிள்ளைகளைக் கேட்டால், கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, அமெரிக்காவில் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் பாடிய பீட் ஸீகர், ஜோன் பேஸ், பாப் டிலன் என்று பெயர்களை அடுக்குவார்கள். அந்த வரிசையில் நான் திருநாவுக்கரசரைக் கொண்டுபோய் நிறுத்தினால், உங்களில் சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். நெற்றி நிறைய நீறும், கையில் உழவாரப் படையுமாகக் கோயிலில் சிலையாக நிற்கும் அப்பர் சுவாமிகளா கலகக்காரர்? அவரேதான். கதையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

ஆனால் அவரிடம் போவதற்கு முன் அவருடைய அக்காளைப் பார்த்துவிட வேண்டும்.

பண்ருட்டிக்கு அருகிலுள்ள திருவாமூரில் புகழனார், மாதினியார் தம்பதிகளுக்கு இரண்டு குழந்தைகள். மூத்தவள் திலகவதி, இளையவன் மருள்நீக்கி. கதையை நமக்குச் சொல்பவர் சேக்கிழார். ஐந்நூறு வருஷங்கள் கழித்து, 12-ஆம் நூற்றாண்டில் பெரிய புராணத்தில் எழுதினார். திலகவதிக்குப் பன்னிரண்டு வயதாகும்போது, கலிப்பகையார் என்ற சேனாபதிக்கு அவளைக் கொடுப்பதாகப் பேசி முடித்தார்கள். கல்யாணத்துக்குள் போர் வந்தது. மாப்பிள்ளை போர்முனைக்குப் போனார். அவர் திரும்புவதற்குள் இங்கே தகப்பனார் நோய்வாய்ப்பட்டு இறந்தார். தாயாரும் உடனே போய்விட்டார். பிறகு போர்முனையிலிருந்து செய்தி வந்தது, கலிப்பகையாரும் இல்லையென்று.

அந்தப் பெண் உயிரை விட்டுவிடத் தீர்மானித்தாள். தம்பி அவள் காலில் விழுந்து அழுதான். அம்மாவும் அப்பாவும் போன பிறகு உன்னைத்தானே கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன், நீயும் போவதானால் உனக்கு முன்னால் நான் போய்விடுவேன் என்றான். அதற்காகவே அவள் பிழைத்திருந்தாள். சேக்கிழார் இதை இரண்டு மூன்று பாட்டுக்களில் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறார். நமக்குத்தான் மேலே போக மனம் வருவதில்லை. தன் துக்கத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத் தம்பி தங்கைகளை ஆளாக்கிய அக்காமார் எத்தனை வீடுகளில் இருக்கிறார்கள்!

தம்பி வளர்ந்தான். நிலையாமையை எண்ணித் தண்ணீர்ப் பந்தல் வைத்தான், சோலை வளர்த்தான், குளம் வெட்டினான். மனம் அடங்கவில்லை. உண்மையைத் தேடிச் சமணத்தில் சேர்ந்து, பாடலிபுத்திரம் என்று அப்போது வழங்கிய திருப்பாதிரிப்புலியூருக்குப் போனான். இன்றைய கடலூரின் ஒரு பகுதி அது. சமணர்களின் பெரிய கல்விச்சாலை அங்கே இருந்தது. கி.பி. 458-ல் ஸர்வநந்தி என்ற முனிவர் 'லோகவிபாகம்' என்ற நூலை முடித்தது அங்கேதான் என்று அறிஞர்கள் கொள்வார்கள். அப்படிப்பட்ட இடத்தில் மருள்நீக்கி 'தருமசேனர்' என்ற பட்டத்துடன் தலைவராக உயர்ந்தார். அக்காளோ திருவதிகைக்கு வந்து, விடியுமுன் எழுந்து கோயிலைப் பெருக்கி, சாணம் இட்டு மெழுகி, பூப்பறித்து மாலை கட்டிக்கொண்டிருந்தார்.

அப்போது தருமசேனருக்குக் கொடிய சூலை நோய் கண்டது. மருந்தும் மந்திரமும் பலிக்கவில்லை. சமையற்காரனைத் தமக்கையிடம் அனுப்பினார். "நீ வந்து பார்" என்று தம்பி கூப்பிடுகிறான். உயிர் போகிற வலி. எந்த அக்காதான் ஓடமாட்டாள்? திலகவதியார் ஓடவில்லை. சமணப் பள்ளிக்குத் தாம் வருவதற்கில்லை என்று சொல்லியனுப்பிவிட்டார். கதையில் முதன்முதலாக 'வரமாட்டேன்' என்ற சொல்லைச் சொன்னவர் தம்பி அல்லர், தமக்கைதான். பின்னால் ஒரு பல்லவச் சக்கரவர்த்தியிடம் தம்பி அதே சொல்லைச் சொன்னபோது, அது எங்கே கற்ற பாடம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இரவோடு இரவாகத் தம்பி வந்தார். பாயையும் மயிற்பீலியையும் குண்டிகையையும் விட்டுவிட்டு, வெள்ளை ஆடை உடுத்து, யாரும் அறியாமல் வந்து தமக்கையின் காலில் விழுந்தார். அவர் திட்டவில்லை, 'அன்றைக்கே சொன்னேனே' என்று குத்திக்காட்டவில்லை. திருநீற்றைக் கொடுத்து, விடியற்காலைத் திருப்பணிக்குப் போகும்போது கூடவே அழைத்துச் சென்றார். வீரட்டானேசுவரர் சந்நிதியில் தம்பி வாய் திறந்து பாடினார். கொல்லிப் பண்ணில் அமைந்த அந்த முதல் பதிகத்தை ஓதுவார் யாரையாவது பாடச் சொல்லிக் கேளுங்கள். தத்துவம் பேசும் பாட்டு அல்ல அது. வயிற்றுவலிக்காரன் வைத்தியரிடம் முறையிடுகிற மாதிரி, குடலைப் பிடித்து முறுக்குகிறதே, தாங்கமுடியவில்லையே என்கிற பாட்டு. பாமர ஜனங்கள் வலியில் பேசுகிற பேச்சு அப்படியே இசையோடு வந்துவிட்டது. அன்று முதல் அவர் நாவுக்கரசர்.

ஓலை வந்தது!

கட்சி மாறிய செய்தி காஞ்சிக்கு எட்டியது. அப்போது ஆட்சி செய்தவன் முதலாம் மகேந்திரவர்மன் என்பது சரித்திர ஆசிரியர்களின் கொள்கை. 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். இவன் சாமானிய ராஜா அல்ல. விழுப்புரத்துக்கு அருகே மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமில்லாமல் பாறையைக் குடைந்தே கோயில் எடுத்து, அதைப் பெருமையாகக் கல்லில் வெட்டி வைத்தவன். காபாலிகரையும் புத்த பிக்ஷுவையும் கேலி செய்யும் 'மத்தவிலாஸம்' என்ற நாடகத்தை எழுதியவன். கல்கி அவர்களின் 'சிவகாமியின் சபத'த்தைத் தொடர்கதையாகவோ புத்தகமாகவோ படித்த நம் வாசகிகளுக்கு இவனை நன்றாகத் தெரியும். இப்படிப்பட்ட ரஸிகனுக்கும் நாவுக்கரசருக்கும் மோதல் வந்தது என்பதுதான் வேடிக்கை.

மன்னன் அழைக்கிறான் என்று மந்திரிகள் சேனையோடு வந்தார்கள். நாவுக்கரசர் ஒரு தாண்டகம் பாடினார். யாருக்கும் தாம் பிரஜை அல்ல. எமனுக்கே அஞ்சாதவர்கள் உங்கள் அரசனுக்கா அஞ்சப் போகிறோம் என்ற கருத்துள்ள பாட்டு. ராஜதானியில் ஒருவரும் அதுவரை கேட்டிராத பேச்சு! மந்திரிகள் திகைத்துப் போய், அதிகாரத்தை மூட்டை கட்டிவிட்டுக் காலில் விழுந்து கெஞ்சினார்கள். அதன் பிறகுதான் அவர் புறப்பட இசைந்தார். அதிகாரத்துக்கு மறுப்பு, வேண்டுகோளுக்கு இணக்கம். இந்த நுட்பத்தைச் சேக்கிழார் விடாமல் சொல்லியிருக்கிறார்.

பிறகு நடந்தவை நீங்கள் பாட்டி மடியில் கேட்டவைதான். ஏழு நாள் சுண்ணாம்புக் காளவாயில் அடைத்தார்கள். உள்ளே அவர் வீணையையும் மாலை நிலவையும் தென்றலையும் பாடிக்கொண்டிருந்தார். விஷம் கலந்த பால்சோறு கொடுத்தார்கள். யானையை ஏவினார்கள். கல்லோடு சேர்த்துக் கட்டிக் கடலில் எறிந்தார்கள்; கல் மிதந்து திருப்பாதிரிப்புலியூரில் கரை சேர்ந்தது. கடலூரை அடுத்துக் 'கரையேறவிட்டகுப்பம்' என்று ஓர் ஊரே இருக்கிறது. அற்புதங்களை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். யானை வரும்போது பாடிய பாட்டு மட்டும் என்னை விடுவதில்லை. அச்சம் என்ற ஒன்று தமக்கில்லை என்று அதில் திரும்பத் திரும்ப வருகிறது. அந்த வரியோடு, கெடில நதியும் ஒவ்வொரு தடவையும் வருகிறது. மரணம் துதிக்கையை வீசிக்கொண்டு வருகிற நேரத்தில் மனிதருக்குச் சொந்த ஊர் ஆற்றின் ஞாபகம்!

கடலுக்கு அப்பால் ஒரு பாட்டு

அந்தப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அமெரிக்காவின் டென்னஸி மாகாணம் நினைவுக்கு வருகிறது. காரணம் சொல்கிறேன். அங்கே ஹைலாண்டர் என்று ஒரு மக்கள் பள்ளி. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட இடம். அந்த நாளில் அதுவே பெரிய குற்றம். 1955 கோடையில் ரோஸா பார்க்ஸ் என்ற தையற்காரப் பெண்மணி அங்கே பயிற்சிக்குப் போனார். அதே டிசம்பர் 1-ந் தேதி, மாண்ட்கமரி நகரத்துப் பஸ்ஸில், வெள்ளையருக்காக எழுந்து இடம்விட மாட்டேன் என்றார். 381 நாள் ஊரே பஸ் ஏறாமல் நடந்தது. அங்கேயும் முதல் மறுப்பு ஒரு பெண்ணுடையதுதான், கவனித்தீர்களா?

1959-ல் ஒரு ராத்திரி போலீசார் அந்தப் பள்ளிக்குள் புகுந்தார்கள். இருட்டு. உள்ளே இருந்த சிறுவர் சிறுமியர் பாட ஆரம்பித்தார்கள். பதினாலு வயதுப் பெண் ஒருத்தி, எல்லோருக்கும் தெரிந்த பாட்டில், தங்களுக்குப் பயமில்லை என்ற புது அடியைச் சேர்த்துப் பாடினாள். பிறகு அது உலகமெங்கும் பரவியது. அதைப் பரப்பியவர்களில் ஒருவரான பீட் ஸீகருக்கும் 1955-ல் ஓலை வந்திருந்தது. நாடாளுமன்றக் குழுவின் முன் நின்று, யாருக்காகப் பாடினேன் என்று சொல்ல மறுத்தார். வேண்டுமானால் பாட்டையே பாடிக்காட்டுகிறேன் என்றார்! 1961-ல் ஒரு வருஷத் தண்டனை விதித்தார்கள். மறு வருஷம் மேல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. யானைக்கு முன்னால் நின்ற நம் நாவுக்கரசரை அந்தக் குழந்தைகள் கேள்விப்பட்டே இருக்கமாட்டார்கள்.

திருவதிகைக்குத் திரும்புவோம். மனம் மாறிய மன்னன் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டு திருவதிகையில் 'குணபர ஈச்சரம்' என்று கோயில் எடுத்தான் என்று புராணம் சொல்கிறது. குணபரன் என்பது மகேந்திரனின் பட்டப் பெயர். அந்தப் பள்ளியை நினைத்தால் மனம் கொஞ்சம் சங்கடப்படத்தான் செய்கிறது. சீவக சிந்தாமணி தந்தவர்கள் அல்லவா சமணர்கள்! நாவுக்கரசரின் பாட்டுக்களிலும் அவர்கள்மேல் கடுஞ்சொல் நிறைய உண்டு. ஒரு மனிதரைக் கொண்டாடும்போது இதையும் மறைக்கக் கூடாது.

அதே நாவு வேறு இடத்தில் எப்படிப் பேசியது, பாருங்கள். குலத்தையும் கோத்திரத்தையும் பிடித்துக்கொண்டு சாஸ்திரம் பேசினவர்களை ஒரு குறுந்தொகையில் முகத்துக்கு நேராகக் கேட்டார். ஊர் ஒதுக்கி வைத்தவனாக இருக்கட்டும், மாட்டிறைச்சி தின்பவனாக இருக்கட்டும், நோயில் உடல் அழுகியவனாக இருக்கட்டும், அவன் சிவனிடம் அன்பு வைத்தவனானால் அவனே தாம் கும்பிடும் கடவுள் என்று ஒரு தாண்டகத்தில் பாடினார். 7-ஆம் நூற்றாண்டில்! திங்களூரில் அப்பூதியடிகள் என்ற அந்தணர் அவரைக் கண்ணால் பார்க்காமலேயே மயங்கிப் போய்ப் பிள்ளைகளுக்கு, தண்ணீர்ப் பந்தலுக்கு, பசுவுக்கு, எருமைக்கு, ஏன், வீட்டிலிருந்த படிக்கும் தராசுக்கும்கூடத் திருநாவுக்கரசு என்று பெயர் வைத்தாராம். அந்த வீட்டு அம்மாள் அரிசி அளக்கும்போது என்ன சொல்லிக் கூப்பிட்டிருப்பாள் என்று நினைத்துச் சிரித்துக்கொள்கிறேன்.

பஞ்ச காலத்தில் திருவீழிமிழலையில் அவருக்கும் சம்பந்தருக்கும் தினம் ஒரு பொற்காசு கிடைத்தது. சம்பந்தர் காசுக்குக் கடையில் வட்டம் பிடித்தார்கள். அப்பர் காசு முழு மதிப்புக்குப் போயிற்று. அவர் புல் செதுக்கிக் கையால் உழைத்தவராம், அதனால். சுந்தரமூர்த்தி நாயனார் பிற்பாடு திருவதிகைக்கு வந்தபோது, அப்பர் கைத்தொண்டு செய்த மண்ணைக் காலால் மிதிக்க அஞ்சி ஊருக்கு வெளியே சித்தவட மடத்தில் தங்கிவிட்டார்.

எந்த ராஜாவுக்கும் குடியல்லோம் என்றவரின் பாட்டுக்களை, இன்னொரு ராஜா சம்பளம் கொடுத்துப் பாடவைத்தான். ராஜராஜ சோழன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரையும், உடுக்கையும் மத்தளமும் வாசிக்க இருவரையும் நியமித்து, ஆளுக்குத் தினம் மூன்று குறுணி நெல் என்று கல்லில் வெட்டினான். அந்த ஐம்பது பேரும் ஆண்கள். ஓதுவார் வேலை நம் காலம் வரை ஆண்களுடையதாகவே இருந்துவந்தது. 2021-ல் சென்னையை அடுத்த மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலுக்கு ஒரு பெண் ஓதுவார் நியமிக்கப்பட்டார்.

திருவதிகைக் கோயிலில் திலகவதியாருக்குச் சந்நிதி உண்டு. சுவாமியைத் தரிசித்துவிட்டு அவசரமாகப் பஸ் பிடிக்க ஓடிவிடாமல், அங்கேயும் ஒரு நிமிஷம் நில்லுங்கள்.