புந்தோங் முதல் கல்லுமலை வரை: காவடிப் பாதையும் முக்கிம் எல்லையும்

தைப்பூசத் திருநாளன்று பொழுது புலருமுன்னரே ஈப்போ மாநகரின் புந்தோங் வட்டாரம் விழித்துவிடும். சுங்கை பாரி சாலையிலுள்ள அருள்மிகு மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து அலகு தரித்தும், பால்குடம் ஏந்தியும், காவடி சுமந்தும் புறப்படும் அடியார் திருக்கூட்டம், நகர வீதிகளைக் கடந்து குனோங் சீரோ குன்றின் அடிவாரத்தில் எழுந்தருளியிருக்கும் கல்லுமலை சுப்பிரமணியர் சந்நிதியை அடைகிறது. அன்னையிடம் விடைபெற்று மைந்தனைக் காணச் செல்லும் புனித நடை அது.

பக்திக்கு எல்லைக்கல் கிடையாது. எனினும் அடியார் கால் பதிக்கும் ஒவ்வோர் அடி நிலமும் ஏதேனும் ஓர் அரசாங்க ஏட்டில் பதிவாகியே இருக்கிறது. ஈப்போ நகரம் கிந்தா மாவட்டத்தின் உலு கிந்தா முக்கிமில் அமைந்துள்ளது. தமிழகத்தில் வருவாய்க் கிராமம் எப்படியோ, அப்படியே இங்கு முக்கிம். நிலம் மாநில அரசின் அதிகாரத்துக்குட்பட்டது; நிலவரி நில அலுவலகத்துக்கும், மதிப்பீட்டு வரி மாநகர் மன்றத்துக்கும் உரியவை. தேர்தல் கணக்கிலோ புந்தோங், ஈப்போ பாராட் நாடாளுமன்றத் தொகுதிக்குள் அடங்கிய ஒரு சட்டமன்றத் தொகுதி. நாட்டில் இந்திய வாக்காளர் விகிதம் மிகுந்த சட்டமன்றத் தொகுதிகளுள் இதுவும் ஒன்று.

இந்நகரின் நிர்வாக நிலை பலமுறை மாறியுள்ளது. 1937-இல் பேராக்கின் தலைநகர் என்னும் பெருமை தைப்பிங்கிலிருந்து ஈப்போவுக்கு வந்தது. 1962-இல் நகராட்சியாகவும், 1988 மே 27-இல் மாநகராகவும் உயர்ந்தது. தலைநகர் கோலாலம்பூரும் 1974 பிப்ரவரி 1-இல் சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசமானது. ஆயினும் அங்கும் முக்கிம் பிரிவுகள் மறையவில்லை. மன்றங்கள் பெயர் மாறலாம். நில ஏட்டில் உள்ள பதிவே நிலைத்து நிற்கிறது.

இவ்வுண்மையைத் தோட்டப்புறத் தமிழர் பெருவிலை கொடுத்தே கற்றனர். ரப்பர் தோட்டம் இருந்த இடமெல்லாம் தொழிலாளர் தம் வியர்வையால் மாரியம்மனுக்கும், முனீஸ்வரனுக்கும், காளியம்மனுக்கும் கோயில் எழுப்பினர். தலைமுறை தலைமுறையாகத் தீமிதியும் திருவிழாவும் நடந்தன. ஆனால், கோயில் நின்ற நிலமோ பெரும்பாலும் தோட்ட நிறுவனத்தின் பெயரில் இருந்தது. 1950களிலும் 1960களிலும் தோட்டத் துண்டாடல் பரவியபோது, மரத்தோடும் மண்ணோடும் கோயிலடி நிலமும் கைமாறியது. பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்ததன் நோக்கமே, தொழிலாளரின் பங்குப் பணத்தைக் கொண்டு தோட்டங்களை வாங்கி அவர்களையே உடைமையாளராக்குவதாகும். பின்னாளில் பல தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. மக்கள் நகர் நோக்கிப் பெயர்ந்தனர். சில குடும்பங்கள் அம்மன் சிலையையும் வேலையும் சூலத்தையும் சுமந்துகொண்டே புதிய குடியிருப்புகளுக்கு வந்தன. தெய்வத்தைச் சுமந்து வர முடிந்தது; நிலத்தைச் சுமந்து வர முடியவில்லை.

எல்லைக்கோடு உயிர்காக்கும் கோடாகவும் அமைவதுண்டு. 1889 முதல் குகையில் வழிபாடு தொடங்கியதாகச் சொல்லப்படும் கல்லுமலையைத் தாங்கும் குனோங் சீரோ, சுண்ணாம்புக் கல் குன்றாகும். மழைநீர் அக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்துப் பிளவுகளை விரிக்கும். 1973 அக்டோபர் 18-ஆம் நாள் அக்குன்றிலிருந்து பெயர்ந்து விழுந்த பெரும்பாறை, அடிவாரத்தில் வாழ்ந்த சுமார் 40 பேரின் உயிரைப் பறித்தது. குன்றருகே விதிக்கப்படும் பாதுகாப்பு எல்லையை மதித்து நடப்பதும் முருகப்பெருமானுக்குச் செய்யும் தொண்டே.

ஆகவே, திருப்பணிக்கு நன்கொடை திரட்டும் ஆலயங்கள், கோபுரத்துக்கு வண்ணம் தீட்டுமுன் சில வினாக்களுக்கு விடை காணுதல் நலம். ஆலயம் நிற்கும் நிலத்தின் முக்கிம் எது? நில எண் யாது? பட்டா எவர் பெயரில் உள்ளது? அது குத்தகை நிலமாயின் எந்த ஆண்டில் காலக்கெடு முடிகிறது? வழிபாட்டுக்கென ஒதுக்கிய நிலமாயின் அரசிதழில் அறிவிக்கப்பட்டுள்ளதா? கட்டடத்தை விரிவுபடுத்த மாநகர் மன்றத்தின் ஒப்புதல் உண்டா? ஆலய நிர்வாகம் 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றிருந்தால், ஆண்டறிக்கை உரிய காலத்தில் அனுப்பப்படுகிறதா?

இவை வெறும் காகித வேலை எனச் சிலர் கருதக்கூடும். ஒரு தலைமுறை நெற்றி வியர்வை சிந்திக் கட்டியதை, மறு தலைமுறை ஒரு காகிதம் இல்லாமையால் இழக்க நேர்ந்தால், அக்குறை யாரைச் சாரும்? பட்டாவின் படியையும், நிலவரி ரசீதையும், அலுவலகக் கடிதங்களையும் ஒரே கோப்பில் சேர்த்து, புதிய நிர்வாகம் பொறுப்பேற்கும்போது கருவறைச் சாவியுடன் அதனையும் ஒப்படைக்கும் வழக்கம் ஒவ்வோர் ஆலயத்திலும் ஏற்பட வேண்டும். மூத்தோர் நினைவில் மட்டும் இருக்கும் செய்தி, மூத்தோருடனேயே மறைந்துவிடும்.

புந்தோங்கிலிருந்து கல்லுமலை நோக்கிச் செல்லும் காவடிகளுடன் அடுத்த தலைமுறையும் நடக்க வேண்டும். புறப்படும் இடத்தில் அன்னையின் ஆலயமும், சேரும் இடத்தில் குமரனின் சந்நிதியும் என்றும் நிலைத்திருக்க, அவரவர் கடமையைச் செய்வோர்க்கு வேலவன் துணை நிற்பானாக!