இட்லி மாவு பழகிய கைக்குப் பிரெட் புதிதல்ல

வீட்டிலேயே பிரெட் சுடலாம் என்றால் பலரும் முதலில் நேரத்தை நினைத்துத்தான் தயங்குகிறார்கள். பிசைய வேண்டும், பொங்க விட வேண்டும், உருட்டி மறுபடி பொங்க விட வேண்டும், பிறகு சுட வேண்டும். எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், உண்மைதான். ஆனால் அதில் நம் கை படுகிற நேரம் அரை மணி இருந்தால் அதிகம். மீதி நேரம் மாவு தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். அதற்குள் துணி காயப்போடலாம், பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தரலாம், சற்றுக் கண்ணயரலாம். இரவு மாவைக் கரைத்து மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போகிற வீடுகளுக்கு இந்த ஏற்பாடு நன்றாகவே தெரியும்.

இட்லி மெத்தென்று வர மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். மாவுக்குள் வாயு உண்டாக வேண்டும். அதை வெளியே விடாமல் பிடித்து வைக்க ஒன்று வேண்டும். பிடித்த நிலையிலேயே மாவு சூட்டில் வெந்து இறுக வேண்டும். பிரெட்டுக்கும் இதே மூன்றுதான். வேலை செய்கிற ஆட்கள் மட்டும் வேறு.

பிடித்து வைப்பது எது?

இட்லி மாவில் அந்தப் பொறுப்பு உளுந்துக்கு. அதன் புரதமும் கொழகொழப்பும் சேர்ந்து குமிழ்களை உடையாமல் தாங்குகின்றன. அதற்காகத்தான் உளுந்தைத் தனியாகப் போட்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்து, நுரைக்க ஆட்டுகிறோம். ஒரு துளியைக் கிண்ணத் தண்ணீரில் விட்டால் அது மிதக்க வேண்டும். மிதந்தால் காற்று ஏறியிருக்கிறது, பதம் சரி.

பிரெட்டில் இந்த வேலையைச் செய்வது குளூட்டன். கோதுமையில் குளூட்டெனின், கிளையடின் என்று இரண்டு புரதங்கள் உண்டு. தண்ணீர் பட்டுப் பிசையப் பிசைய இரண்டும் பின்னிக்கொண்டு, இழுபடுகிற வலையாகின்றன. குளூட்டெனின் வலுவைத் தருகிறது. கிளையடின் இழுபடும் தன்மையைத் தருகிறது. அரிசியிலும் கேழ்வரகிலும் குளூட்டன் இல்லை. ஆகவே வழக்கமான பிரெட்டுக்கு அந்த மாவுகள் மட்டும் போதாது.

சிறிய பிரெட் ஒன்றுக்கு அளவு இது: 300 கிராம் மைதா, 190 மில்லி தண்ணீர், தலைதட்டி ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், ஒரு டீஸ்பூன் சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். முதலில் கையெல்லாம் ஒட்டும். மேலும் மாவு கொட்டிவிடாமல் பத்து நிமிடம் பிசையுங்கள். ஒட்டுவது தானாகக் குறைந்து, மாவு வழவழப்பாகத் திரளும். ஒரு சிறு உருண்டையைக் கிள்ளி எடுத்து நான்கு பக்கமும் மெல்ல இழுத்துப் பாருங்கள். கிழியாமல், மறுபக்க வெளிச்சம் தெரிகிற ஏடாக விரிந்தால் வலை தயார்.

பிசையும்போது சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்களும் உள்ளே சிக்கிக்கொள்கின்றன. ஈஸ்ட் புதிதாகக் குமிழ்களை உண்டாக்குவதில்லை, இருக்கிறவற்றைத்தான் ஊதிப் பெரிதாக்குகிறது. கிரைண்டரில் உளுந்து நுரைக்கும்போது நடப்பதும் இதேதான்.

வாயுவைத் தருவது யார்?

இட்லி மாவில் வெளியிலிருந்து எதையும் சேர்ப்பதில்லை. உளுந்தோடும் அரிசியோடும் கூடவே வருகிற நுண்ணுயிர்கள், முக்கியமாக லூகோனாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்ற பாக்டீரியா, மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவையும் அமிலத்தையும் தருகின்றன. வாயு மாவைப் பொங்க வைக்கிறது. அமிலம் புளிக்க வைக்கிறது.

பிரெட்டில் அந்த இடத்தில் இருப்பது சாக்கரோமைசிஸ் செரவிசியே என்ற ஈஸ்ட். அது கரியமில வாயுவோடு ஆல்கஹாலையும் வெளியிடுகிறது. அமிலம் மிகக் குறைவு என்பதால் பிரெட் புளிப்பதில்லை. ஆல்கஹாலின் பெரும்பகுதி ஓவனில் ஆவியாகிவிடும். நொதித்தல் என்பது உயிர்களின் வேலை என்று 1857-இல் தொடங்கிய ஆய்வுகளில் லூயி பாஸ்டர் காட்டினார். உயிர் என்பதால்தான் ஈஸ்ட்டுக்குச் சூடான தண்ணீர் ஆகாது. விரல் தாங்குகிற வெதுவெதுப்பு போதும்.

எவ்வளவு நேரம் காத்திருப்பது?

சென்னையில் சமையலறை 32 டிகிரி இருந்தால், மாவு ஒரு மணி நேரத்தில் இரண்டு பங்காகிவிடும். மலையூர்க் குளிரில் அதே மாவு இரண்டு மணி நேரத்துக்கு மேலும் எடுத்துக்கொள்ளும். மார்கழியில் இட்லி மாவு பொங்க மறுப்பதும் இந்தக் கணக்கில்தான். ஆகவே கடிகாரத்தை விட்டுவிட்டு மாவைப் பார்க்க வேண்டும். எங்கள் அம்மா வாழ்நாளில் பிரெட் சுட்டதில்லை. ஆனாலும் மூடியிருந்த துணியை விலக்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நேரம் கிடக்கட்டும்" என்பார். அவர் சொல்வது சரியாகவே இருக்கும்.

இரண்டு பங்கான மாவை அமுக்கி, உருட்டி, எண்ணெய் தடவிய டின்னில் வைத்து மறுபடி பொங்க விடுங்கள். இப்போது பதம் பார்க்க விரல் போதும். லேசாக அழுத்திய குழி சட்டென்று நிமிர்ந்தால் இன்னும் நேரம் வேண்டும். மெதுவாகப் பாதி நிமிர்ந்தால் ஓவனுக்குத் தயார். நிமிரவே இல்லையென்றால் பதம் தாண்டிவிட்டது. குழந்தைகள் உள்ள வீட்டில் இந்த வேலைக்குப் போட்டி நடக்கும்; நடக்கட்டும். பதம் பார்ப்பதை இதைவிட நன்றாகக் கற்றுத் தர வழியில்லை.

நடுவில் வேறு வேலை வந்துவிட்டால் மாவை மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். குளிரில் ஈஸ்ட் நிதானப்படும், நிற்காது. இரவு பிசைந்ததைக் காலையில் சுட்டால் மணமும் சுவையும் கூடுதலாகவே இருக்கும். விருந்தாளி வந்தாலும் கரண்ட் போனாலும் வளைந்து கொடுக்கிற சமையல் இது.

ஓவனுக்குள் என்ன நடக்கிறது?

200 டிகிரியில் கால் மணி நேரம் சூடாக்கிய ஓவனில் டின்னை வைத்தால், முதல் பத்து நிமிடத்தைக் கண்ணாடி வழியே நின்று பார்க்க வேண்டும். உள்ளே அடைபட்ட வாயு விரிகிறது, நீர் ஆவியாகிறது, ஈஸ்ட் கடைசியாக ஒருமுறை வேகமெடுக்கிறது. மாவு கண்ணெதிரே மேலெழும். உள்ளே சூடு 60 டிகிரியை நெருங்கும்போது ஈஸ்ட் இறந்துவிடும். மாவுச்சத்து தண்ணீரை உறிஞ்சி உப்பும். அதற்கு மேல் குளூட்டன் வலை இறுகும். குமிழ்கள் இருந்த இடத்திலேயே நிலைத்துவிடும்.

ஈரம் இருக்கும்வரை பிரெட்டின் நடுப்பகுதி 100 டிகிரியைத் தாண்டாது. அப்படிப் பார்த்தால் அது கொப்பரையில் வேகும் இட்லியைப் போலத் தன் ஈரத்திலேயே வெந்ததுதான். மேல்புறம் மட்டும் காய்ந்து, சூடு 140 டிகிரியைத் தாண்டும்போது சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும் அந்த வாசனையையும் தருகின்றன. 1912-இல் இதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மையார் பெயரால் இது மையார் வினை எனப்படுகிறது. ஆவி 100 டிகிரியோடு நின்றுவிடுவதால் இட்லி வெள்ளையாகவே இருக்கிறது. முப்பது, முப்பத்தைந்து நிமிடத்தில் அந்த வாசனை வீடு முழுக்கப் பரவி, அவரவர் வேலையை விட்டு எல்லோரும் சமையலறைக்கு வந்துவிடுவார்கள்.

ஆறிய பிறகு

ஒரு மணி நேரமாவது ஆற விட்டு அறுங்கள். சூட்டோடு அறுத்தால் உள்ளே பிசுபிசுக்கும். மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்தால், வெந்த மாவுச்சத்து மறுபடி ஒழுங்காக அடுக்கிக்கொண்டு சீக்கிரம் விறைத்துவிடும். ஃபிரிட்ஜில் வைத்த இட்லி விறைப்பதும் இதனால்தான். டப்பாவில் வெளியே வையுங்கள். இரண்டு நாளுக்கு மேல் வேண்டுமானால் துண்டு போட்டு ஃப்ரீசரில்.

இட்லி கல்லாக வந்தால் நாம் உடனே கணக்குப் போடுவோம்: உளுந்து பழசா, ஆட்டியது போதவில்லையா, குளிரா? பிரெட்டையும் அப்படியே விசாரிக்கலாம். கனமாக இருந்தால் மாவு போதிய அளவு பொங்கவில்லை. நடுவில் அமுங்கினால் அதிகம் பொங்கிவிட்டது. ஈஸ்ட் பழசானால் மாவு அசையவே அசையாது. காரணம் தெரிந்துவிட்டால் அடுத்த முறை கை தானாகத் திருத்திக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு, இரண்டு மணிக்குப் பிசையத் தொடங்குங்கள். ஆறு மணிக் காபிக்கு உங்கள் கையால் சுட்ட பிரெட் தட்டில் இருக்கும்.